சாரத்துக்குத் தனி ஷூ

பயிற்சிச் சாரத்தின் அடியில் எட்டு ஜோடி சேஃப்டி ஷூ வரிசையாக இருந்தன. ஜோடி பிரியாமல், மூக்கெல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, கோயில் வாசலில் விட்டதுபோல அவ்வளவு ஒழுங்கு. நிமிர்ந்து பார்த்தேன். அவற்றின் சொந்தக்காரர்கள் எட்டு பேரும் இரண்டு ஆள் உயரத்தில், இரும்புக் குழாய்களின் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பெல்ட்டுக் கொக்கியை ஒருத்தர் விடாமல் சரியாக மாட்டியிருந்தார்கள். தலையில் ஹெல்மெட், தாடையில் வார், மேலே பச்சை ஜாக்கெட். பாதம் மட்டும் பிறந்த கோலம்.

"இன்னா மேடம், எல்லாம் கரெக்டா கீதா?" என்று எட்டு பேரில் ஒருவரான மேஸ்திரி மேலேயிருந்து கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தனியாகக் கிளம்பிப் போய்விடும். நான் பின்னால் ஓடித்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அது வெளியே எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகள்வரை போயிருக்கும். எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னேன். இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் அவரவர் ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக என் முன்னால் வந்து நின்றார்கள்.

"ஷூ எதுக்குக் குடுத்தோம்?"

"காலுக்கு மேடம்."

"மேல நின்னது என்ன, கையா?"

என்ன தப்பு செய்தோம் என்று அவர்களுக்கு உண்மையாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அந்தக் கட்டுமான இடத்தில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. துறைமுகத்துச் சரக்கை வைக்க ஒரு பெரிய கிடங்கு எழும்பிக்கொண்டிருந்தது. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பழைய கன்டெய்னரில் ஜன்னல் வெட்டி, மின்விசிறி மாட்டி, 'பயிற்சி அறை' என்று போர்டும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு அதற்குள் உட்கார்ந்தால் இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் பாடத்தைப் பெரும்பாலும் வெளியே, பயிற்சிக்கென்று கட்டிய சின்னச் சாரத்தின் நிழலில்தான் நடத்துவேன்.

எங்கள் வீடு ராயபுரத்தில். அப்பாவுக்கு யானைக்கவுனியில் மளிகை மொத்த வியாபாரம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட குடும்பம். நான் தீயணைப்பும் பாதுகாப்பும் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா, "தீப் பிடிச்சா தண்ணி ஊத்தணும். இதப் படிக்கதுக்கு ஒரு காலேஜா?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் மகள் என்ன செய்கிறாள் என்று விசாரித்தால், "கட்டடத்துல ஒருத்தனும் விழாமப் பாத்துக்கிடுதா" என்பார். அதைவிடச் சரியாக என் வேலையை நானே சொன்னதில்லை.

அந்த எட்டு பேரும் காத்திவாக்கத்துக்காரர்கள், கடல் தொழில். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர்கள். வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், இவர்கள் கரையில் வேலை தேடிக் கிளம்புவார்கள். உயரத்துக்கு அஞ்சாதவர்கள், முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள், ஆடுகிற இடத்தில் நிற்கத் தெரிந்தவர்கள். கூரை வேலைக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்? ஆனால் எங்கள் இடத்தில் உயரத்தில் ஏறுவதற்கு ஹைட் பாஸ் என்ற அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். அதற்கு மூன்று நாள் பயிற்சி, நான்காவது நாள் தேர்வு. தேர்வு வைப்பது நானில்லை. அதற்கென்று தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவார். தாடை வார் தளர்ந்திருந்தது என்பதற்காக ஒரு முழுக் கூட்டத்தையும் திருப்பி அனுப்பியவர். பாஸ் கிடைத்தால் தடைக்காலம் முடியும்வரை எட்டு பேருக்கும் கூரையில் வேலை. கிடைக்காவிட்டால் கேட்டுக்கு வெளியே, ஏனென்றால் தரை வேலைக்கு ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது.

மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். தோளும் தொப்பையும் சமமாக வளர்ந்த மனிதர். வாயைத் திறந்தால் கிண்டல்தான். அன்று காலை முதல் வகுப்பில் ஹெல்மெட்டின் அருமையைக் காட்ட நான் ஒரு தேங்காயை அதற்குள் வைத்து, மேலேயிருந்து ஸ்பேனரைப் போட்டேன். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். மேஸ்திரி மட்டும், "ஒடஞ்சிருந்தா ஆளுக்கு ஒரு சில்லாவது கெடச்சிருக்கும், பேஜாரு பண்ட்டீங்க மேடம்" என்றார்.

அப்படிப்பட்டவர் ஷூ விவகாரத்தில் மட்டும் கிண்டல் பண்ணவில்லை. நான் கத்தி முடித்த பிறகு, மற்றவர்கள் டீக்குப் போனதும், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"போட்ல எவனும் செருப்போட ஏற மாட்டான் மேடம். கரையிலயே வுட்டுட்டு, போட்டைத் தொட்டுக் கண்ல ஒத்திக்கினு தான் ஏறுவோம். சின்ன வயசுலேர்ந்து அப்டியே பயக்கம்."

"அண்ணே, இது போட்டு இல்ல. சாரம்."

"சோறு போடுறது எதுவோ அது போட்டு தான் மேடம்."

என்னிடம் இருந்த புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. கீழே விழுந்த ஆணி, குழாயின் கூரான விளிம்பு, வெயிலில் காய்ந்த இரும்பின் சூடு, காலில் விழுகிற கிளாம்ப் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதையும் மறுக்கவில்லை.

"புரியுது மேடம். நீங்க சொல்றது நாயம். ஆனா இந்தக் கலீஜுலெல்லாம் மிதிச்ச ஷூவோட மேல கால வெக்கச் சொல்றீங்களே, அங்கதான் மனசு வர மாட்டுது."

அவர் கையை நீட்டிக் காட்டிய திசையில் கரித்தூளும் எண்ணெயும் கலந்து கறுத்த தரை, அதைத் தாண்டி வெளியே லாரிக்காரர்கள் ஒதுங்கும் மதில் ஓரம்.

பிறகு அவராகவே சொன்னார். போன வருஷம் வேறொரு இடத்தில் வேலை உறுதி என்று தெருவெல்லாம் சொல்லி, மாலை போடாத குறையாக வழியனுப்பி வைக்கப்பட்டு, வேலை இல்லையென்று முதல் நாளே திரும்பி வந்தார்களாம். ஊரே சிரித்ததாம். இந்த வருஷம் மற்ற ஏழு பேரும் ஐஸ் ஃபேக்டரியில் சுமை தூக்கப் போவதாக இருந்தார்கள். "வாங்கடா, நான் கீறேன்னு சொல்லி நான்தான் இஸ்துகினு வந்தேன். அங்க வேற ஆள் போட்டுட்டாங்க. இப்ப இதுவும் இல்லன்னா நான் எந்த மூஞ்ச வெச்சிகினு தெருவுல நடப்பேன்? இன்னும் எவனும் வூட்ல சொல்லல மேடம். வேல தேடினுகீறோம்னு தான் சொல்லி வெச்சிகீறோம். பாஸ் கைக்கு வந்தாதான் வாயத் தொறக்கறதுன்னு பேச்சு."

"அப்ப ஷூவப் போட்டுத் தொலைங்களேன், அண்ணே" என்றேன். பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"போட்ருவோம் மேடம். நாளைக்குப் பாருங்க."

மறுநாள் பார்த்தேன். ஷூவோடுதான் ஏற ஆரம்பித்தார்கள். முதல் ஆள் ஏணியின் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொட்டதும் அவர் கால் தன்னால் ஷூவைக் கழற்றிவிட்டது. அவருக்கே தெரியவில்லை. பின்னால் வந்தவர் முன்னவரைப் பார்த்துக் கழற்றினார். ஷூவோடு மேலே போய்ச் சேர்ந்த இரண்டு பேரும் குழாயின் மேல் நிற்காமல், பேருந்தில் அடுத்தவர் காலை மிதித்துவிட்டவர்கள் மாதிரி நெளிந்தார்கள். நெளிகிற ஆள்தான் விழுவான். வெறுங்காலோடு பூனை மாதிரி நடந்தவர்கள், ஷூ போட்டதும் தடுமாறினார்கள். நான் கீழே நின்று தலையில் கை வைத்துக்கொண்டேன். தேர்வுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். மேஸ்திரியின் மச்சான் ஒரு புது மீன்பாடி வண்டியோடு வந்து நின்றார். முன்னால் பெட்டி வைத்து, பின்னால் மோட்டார் மாட்டிய மூன்று சக்கர வண்டி. ஷோரூம் பளபளப்பு போகவில்லை. எட்டு பேரும் அதைச் சுற்றி நின்று, ஹாண்டிலைத் திருகிப் பார்த்து, பெட்டியைத் தட்டிப் பார்த்து, ஆளாளுக்கு ஒரு குறை சொன்னார்கள். அப்புறம் ஒருத்தர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மேஸ்திரி சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து மூன்று டயர்களிலும் பொட்டு வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நேரே அவரிடம் போனேன்.

"அண்ணே, இந்த டயரு எங்க ஓடப்போகுது? ஆகாசத்துலயா?"

"இன்னா மேடம் கேள்வி இது? ரோட்ல தான்."

"ரோட்ல என்னென்ன கிடக்கு? நீங்க காட்டுனீங்களே, அந்தக் கலீஜுலதானே? அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க. எங்க அப்பா கடையில ஆயுத பூஜைக்கு மூட்டை தள்ளுற வண்டிச் சக்கரத்துக்கும் பொட்டு வைக்கிறோம். சக்கரத்துக்கு ஒரு நியாயம், ஷூவுக்கு ஒரு நியாயமா?"

மச்சான் சிரித்துவிட்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"டயரு வண்டிகூட பொறந்தது மேடம். ஷூ நம்மகூட பொறக்கல" என்றார் முதலில். அப்புறம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா நீங்க சொல்றதுல ஒரு பாய்ண்டு கீது. புது வண்டிக்குத்தான் பொட்டு வெக்கிறோம். ஓடித் தேஞ்ச டயருக்கு வெக்கலயே. புது ஷூ, தரையே தொடாதது, அத்த மேல கொண்டு போயி போட்டா தப்பு இல்ல. மேல போறது தனி, கீழ நடக்கறது தனி. அப்டின்னா நம்ம பசங்க போட்ருவானுங்க."

"ஆளுக்கு ரெண்டு ஜோடியா?"

"அத்த நீங்கதான் பாக்கணும் மேடம்."

கிளம்பும்போது அவர் முகத்தில் பழைய கிண்டல் திரும்பியிருந்தது. என் தலையில் சுமையை இறக்கி வைத்துவிட்ட நிம்மதி அது.

எங்கள் ஸ்டோர்கீப்பரிடமிருந்து ஒரு ஜோடி கையுறை வாங்குவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். பழைய கையுறையைக் காட்ட வேண்டும், அதில் ஓட்டை இருக்க வேண்டும், ஓட்டைக்குக் காரணம் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் அவரிடம் போய் எட்டு ஜோடி ஷூ கூடுதலாக வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, அவருடைய சொத்தில் பாதியை எழுதித் தரக் கேட்டுவிட்டதுபோல இருந்தது.

"ஒரு ஆளுக்கு ரெண்டு காலுதான மேடம்?"

நான் சண்டை போட்டேன். என் சண்டை அந்த இடத்தில் பிரசித்தம். கிரேன் ஓட்டுகிறவர்கூட எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்பார் என்று சொல்வார்கள். ஸ்டோர்கீப்பர் அசையவில்லை. கடைசியில் என்னைத் துரத்துவதற்காகவோ என்னவோ, மூலையில் கிடந்த அட்டைப் பெட்டிகளைக் காட்டி, "அதுல இருக்கறது எந்தக் கணக்குலயும் இல்ல, வேணும்னா எடுத்துக்குங்க" என்றார்.

திறந்து பார்த்தேன். எல்லாம் சேஃப்டி ஷூதான். முனையில் இரும்பு, வழுக்காத அடிப்பாகம், ஒரு குறையும் இல்லை. ஆனால் பால் வெள்ளை. பிஸ்கட் கம்பெனி, பால் பண்ணை மாதிரி இடங்களுக்குப் போக வேண்டிய சரக்கு, எப்படியோ வழி தவறி எங்களிடம் வந்து, கரித்தூள் பறக்கிற ஊரில் வெள்ளை ஷூ யாருக்கு வேண்டும் என்று தூங்கிக்கொண்டிருந்தது. எட்டு பேருக்கும் அளவு கிடைத்தது. உபரியாக ஒரு ஜோடியையும் எடுத்துக்கொண்டேன், கிடைக்கும்போது எடுத்துக்கொள்வதுதானே.

வெள்ளையைப் பார்த்ததும் எட்டு பேர் முகத்திலும் வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "ஷோக்கா கீது மேடம்" என்றார் ஒருவர். "மாப்ள ஷூ மாமு இது" என்றார் இன்னொருவர். சாரத்துக்குப் பக்கத்தில் கோணிப்பை விரித்து, அதன் மேல் ஒன்பது ஜோடியையும் அடுக்கி, ஒவ்வொன்றின் முனையிலும் மேஸ்திரி சந்தனப் பொட்டு வைத்தார். பூவும் எங்கிருந்தோ வந்துவிட்டது. கற்பூரத்தை எடுத்தபோதுதான் நான் குறுக்கே போனேன்.

"நெருப்பு கூடாது அண்ணே. இங்க தீக்குச்சி கிழிக்கணும்னாலே பர்மிட் வாங்கணும், பக்கத்துல தீயணைப்பான் வெச்சிருக்கணும்."

"சாமிக்கே பர்மிட்டா?"

"சாமியும் என்கிட்ட ட்ரெய்னிங் எடுக்கணும்."

பூவோடு முடித்துக்கொண்டார்கள். கோணியில் உட்கார்ந்து கறுப்பு ஷூவைக் கழற்றி வைத்தார்கள், வெள்ளையை மாட்டினார்கள், கோணியிலிருந்து நேரே ஏணிப்படிக்குக் காலை எடுத்து வைத்தார்கள். தொட்டார்கள், கண்ணில் ஒற்றினார்கள், ஏறினார்கள். கொக்கி மாட்டும் சத்தம் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டது. நெளிசல் இல்லை, தடுமாற்றம் இல்லை. சாயங்காலம்வரை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி நான்தான் களைத்துப்போனேன்.

தேர்வு நாளன்று பெரிய அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை, சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வண்டியிலிருந்து இறங்கி, அந்தக் கறுத்த தரையைக் கடந்து நேரே சாரத்துக்கு வந்தார். மேலே எட்டு பேரும் வெள்ளை ஷூவில் ஜொலித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"இது என்ன, டான்ஸ் குரூப்பா?"

நான் என்னமோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்துவிட்டார். கொக்கிகளைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைக்கப்போனார். மேலேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"சார், ஒரு நிமிட்டு. அந்த ஷூவோட ஏறாதீங்க."

மூன்று நாள் பாடுபட்டுக் கரைக்குக் கொண்டுவந்ததை இந்த மனிதர் ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிட்டாரே என்று மனசுக்குள் அவரை வைதேன். அவருக்குத் தன் ஏழு பேரையும் விடச் சாரம் பெரிதாகிவிட்டதா? சும்மா இருந்திருந்தால் அதிகாரி ஏறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அதிகாரி காலை இறக்கினார். "என்ன சொன்னீங்க?"

மேஸ்திரி கொக்கியை மாற்றி மாற்றி மாட்டியபடி, அவசரமில்லாமல் இறங்கி வந்தார். ஏணியிலிருந்து நேரே கோணியில் காலை வைத்து, மரியாதையாக நின்றார்.

"உங்க ஷூ அடியில பாருங்க சார். ஆயிலு, கரி எல்லாம் கீது. அத்தோட பைப்பு மேல நின்னா வழுக்கும். நீங்க நிக்கிற பைப்புலதான் அப்பால என் ஆளுங்களும் நிப்பானுங்க. மேல போற ஷூ தரையத் தொடாது சார் எங்க கிட்ட. கீழ நடக்கறது வேற, மேல நடக்கறது வேற."

அதிகாரி ஒற்றைக் காலைத் தூக்கித் தன் ஷூவின் அடியைப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். விரல் கறுப்பாக வந்தது. கோணியையும், அதன் ஓரத்தில் வரிசையாக நின்ற எட்டு ஜோடிக் கறுப்பு ஷூவையும் பார்த்தார். வெள்ளை ஷூவின் முனையில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டையும் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இது உங்க ரூலா?"

ஆமாம் என்றால் பெயர் எனக்கு. ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"இல்ல சார். மேஸ்திரியோட ரூல். நான் ஷூ மட்டும்தான் வாங்கிக் குடுத்தேன்."

அவர் கோணியின் மேல் உட்கார்ந்தார். "எனக்கு ஒரு ஜோடி இருக்கா?"

ஒன்பதாவது ஜோடி அவருக்குக் கொஞ்சம் பிடிப்பாகத்தான் இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே நுழைத்தார். மேலே போனார். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், கொக்கியைத் திருகிப் பார்த்தார், கேள்வி கேட்டார், நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். கீழேயிருந்த எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கடல் காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. ஒருவர் பதில் சொல்லத் திணறுவது மட்டும் தெரிந்தது. என் நகத்தை நானே கடித்துத் தின்றேன். பயிற்சி கொடுத்து முடித்தால் என் வேலை முடிந்தது என்று எத்தனையோ முறை வீட்டில் சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் சுத்தப் பொய்.

இறங்கி வந்து ஷூவை மாற்றிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த வெள்ளை ஷூ ஸ்டோர்ல இன்னும் எத்தனை இருக்கு?" என்பதுதான். மற்ற கூட்டங்களுக்கும் இதேபோலக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அட்டைகளை வாங்கி எட்டிலும் கையெழுத்துப் போட்டார். போகும்போது மேஸ்திரியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சிரித்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், உதடு கொஞ்சம் அசைந்தது.

வண்டி கேட்டைத் தாண்டியதும் நான் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு உயிரே போச்சு. என்கிட்ட சோறு போடுற போட்டுன்னீங்க. அவர்கிட்ட ஆயிலு வழுக்கும்னீங்க. எது நிஜம்?"

"ரெண்டும் தான் மேடம். அவுருக்குப் புரியறத அவுருகிட்ட சொன்னேன்."

அட்டைகளைக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக் கேலி செய்தார்கள், போட்டோவில் யார் திருடன் மாதிரி இருக்கிறார் என்று பட்டிமன்றம் நடந்தது. மேஸ்திரி ஒதுங்கி நின்று வீட்டுக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"எங்க கீற?" என்று அவர் மனைவியின் குரல் வந்தது. தேடித் தேடி அலுத்த குரல்.

"வேலைல தான். நாளைலேர்ந்து எனக்கு சோறு கட்டிடு."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "நெசமாவா? எத்தினி நாளைக்கி?"

"தடை முடியற வரிக்கும். எனக்கு மட்டும் இல்ல, எட்டு பேருக்கும். மத்த வூட்லயும் போயி சொல்லிடு."

அந்த அம்மாள் போனை அணைக்கவில்லை. கையில் பிடித்தபடியே தெருவில் இறங்கிவிட்டார். கதவைத் தட்டும் சத்தமும், "எக்கா, உன் வூட்டுக்காரனுக்கு வேல கெடச்சிடுச்சி, சோறு கட்டணுமாம்" என்ற குரலும், அதற்கு வீட்டுக்குள்ளிருந்து வரும் கூச்சலும் எங்களுக்கு அப்படியே கேட்டன. கேலி நின்றுபோனது. எட்டு பேரும் அந்தச் சின்னப் போனைச் சுற்றிக் குனிந்துகொண்டார்கள், நானும்தான். ஒவ்வொரு வாசல் வந்தபோதும் அந்த வீட்டுக்காரர் மூச்சை அடக்கிக் கேட்டார். தன் வீட்டுச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இந்த வேலைக்கு வந்ததற்கு நான் சந்தோஷப்பட்ட நாள் ஒன்று சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

கடைசியாக ஒருவர் மட்டும் மிஞ்சினார். கல்யாணமான பிறகு அவருக்கு இதுதான் முதல் தடைக்காலம். அவர் வீட்டு வாசலில் அந்த அம்மாள் இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வரவில்லை. அவர் போனை இன்னும் நெருங்கினார். கதவு திறந்தது. சேதியைச் சொன்னதும் மெல்லிய குரலில் ஒரு பெண், "எனக்குத் தெரியும்க்கா. அதான் காத்தாலயே போயி புது சோத்து டப்பா வாங்கி வெச்சிட்டேன்" என்றாள்.